இசைத்தட்டுக்குள் 'உம்ம்' எப்போது நுழைந்தது?

பழைய கிராமபோனில் கீறல் சத்தம் உண்டு, பொரியிற சத்தம் உண்டு. ஆனா பாட்டுக்கு அடியில் விடாம ஓடுற 'உம்ம்…' கிடையாது. இருக்கவும் முடியாது. 1902-ல் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தபோது, குரலைத் தட்டில் ஏற்றியது மின்சாரம் அல்ல. பாடகி குழாய்க்குள் பாடினார், அந்த அதிர்வே ஊசியை அசைத்தது. கேட்கிறவர் வீட்டிலும் அதே கதைதான்: சாவி கொடுத்தால் ஸ்பிரிங் தட்டைச் சுற்றும், ஊசியின் அதிர்வைக் குழாய் பெரிதாக்கும். கரண்ட் இல்லாத மலை வீட்டிலும் பாடும்.

சேர்வராயன் மலை பற்றிக் குறிப்பெடுக்கப் போன இடத்தில்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. நாகலூர் பக்கம் ஒரு வீட்டில் பழைய தட்டுகள் கேட்டோம். நல்ல டர்ன்டேபிள், நல்ல ஆம்ப்ளிஃபையர், கூடவே உம்ம். வீட்டுக்காரர் சொன்னார்: "எர்த் சரியில்லைங்க. இங்க கீழ எல்லாம் பாறை. எர்த் எப்படிங்க பிடிக்கும்?"

பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேணும்.

1925-ல் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. நம்ம பக்கம் 1930-களில் பைக்காராவும், பிறகு மேட்டூரும் நீர்மின்சாரம் தர ஆரம்பித்தன. அது மாறுமின்சாரம், நொடிக்கு 50 சுற்று. மனுசக் காதுக்கு 50 ஹெர்ட்ஸ் என்பது கேட்கக்கூடிய கனத்த ஸ்வரம். ஆக, 'உம்ம்' என்பது கரண்ட்டோட சொந்தக் குரல்.

அப்பவும் தொல்லை பெரிசா இல்லை. அன்றைய பெட்டி பிளேயர்களில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் பிக்கப். சில நூறு மில்லிவோல்ட் தரும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் உம்ம் எடுபடாது.

மாற்றம் எல்பி தட்டோடு வந்தது. 1948-ல் எல்பி. 1954-ல் ஆர்ஐஏஏ என்ற பொது விதி: தட்டில் வெட்டும்போது பாஸைக் குறைத்து வெட்டு, கேட்கும்போது திரும்பக் கூட்டிக்கொள். இல்லாவிட்டால் கனத்த ஒலிகள் பள்ளத்தை அகலமாக்கி இடத்தைத் தின்றுவிடும். கூடவே காந்த பிக்கப் பரவியது. ஒலி தெளிவு, ஆனால் அது தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்க வேண்டும். அதற்கு மேல், ஆர்ஐஏஏ கணக்குப்படி 1000 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 7 மடங்கு கூடுதல் தூக்கல். சரியாக கரண்ட் குரல் இருக்கும் இடத்திலேயே! நல்ல ஒலிக்காகச் செய்த ஏற்பாடே உம்ம்முக்கும் கதவைத் திறந்துவிட்டது.

இப்போ 'எர்த்' விஷயத்துக்கு வருவோம். தமிழில் ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருட்களைச் சொல்கிறோம்.

முதலாவது வீட்டு எர்த். கரியும் உப்பும் போட்டுக் குழியில் இறக்கிய கம்பி. அது உயிருக்குக் காவல். சேர்வராயனின் பாறை சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே இதற்கு வைத்தார். இப்படிக் கெட்டிப் பாறைமேல் மண் மெல்லிசாக இருக்கும் இடத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது. வீட்டுக்காரர் சொன்னதில் சரியான பாதி இதுதான்.

இரண்டாவது, டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயர். அது மண்ணுக்குப் போக வேண்டியதே இல்லை. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத் திருகில் சேர்ந்தால் போதும். அடியில் பாறை இருந்தாலும் களிமண் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

கண்டுபிடிப்பது எளிது. ஊசியைத் தூக்குங்கள். உம்ம் நின்றால் காரணம் அதிர்வு. மேசையையும் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். நிற்கவில்லையா? உலோகக் கையைத் தொடுங்கள். சத்தம் குறைந்தால் அந்தத் தனி ஒயர் கழன்றிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. கையை நகர்த்த நகர்த்த சத்தம் ஏறி இறங்கினால் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, தள்ளி வையுங்கள். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் என்றால் பிக்கப்பின் நாலு சின்ன ஒயர்களில் ஒன்று. 'உம்ம்' இல்லாமல் கரகரப்பான 'ஜ்ர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் வயதாகியிருக்கலாம்.

இதெல்லாம் இல்லையென்றால் எர்த் சுற்று. இரண்டு பெட்டிகள் தனித்தனி பிளக் வழியாகவும், சிக்னல் ஒயர் வழியாகவும் எர்த்தைப் பிடித்து வளையம் போட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள்.

இங்கேதான் பலர் மூணாவது பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். உம்ம் உடனே நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் கரண்ட் கசிந்தால் அது போக வழி இருக்காது, தொடுகிற ஆள்தான் வழி. எர்த் வலுவில்லாத மலைக்கு இன்னும் ஆபத்து. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை மாட்டுங்கள், இருக்கிற எர்த்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பிளக்கில் அந்த மூணாவது பின் மட்டும் தடித்து நீண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொருகும்போது முதலில் சேரணும், உருவும்போது கடைசியில் பிரியணும் என்பதற்காக. 1934-ன் பிரிட்டிஷ் தரத்திலிருந்து நமக்கு வந்த ஏற்பாடு அது. ஒரு பாட்டுக்காக அதைப் பிடுங்க வேண்டாம்.