தொகுதி நிதியும் அவைக் குரலும்: நாடாளுமன்ற உறுப்பினரின் ஊர்ப்பணி குறித்து ஓர் ஆய்வு

நாடாளுமன்ற உறுப்பினர் தம் தொகுதிக்கு என்ன செய்தார் என்று கேட்டால், தமிழ்நாட்டில் இன்று கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு கட்டடப் பட்டியல்தான்: பயணியர் நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, நியாயவிலைக் கடை, சமுதாயக்கூடம், இரண்டு வகுப்பறைகள். தேர்தல் துண்டறிக்கைகளிலும் இதே வரிசை. இந்தப் பட்டியல் பொய்யல்ல. வெயிலில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு நிழற்குடை பெரிய உதவி. ஆனால் வேலைவாய்ப்புக்கும் நிதிக்கும் ஊர்ப் பொதுவாழ்வுக்கும் ஓர் உறுப்பினர் ஆற்றக்கூடிய பணியில் இது மிகச் சிறு பகுதி. அந்தச் சிறு பகுதி பெரும் பகுதியை மறைத்துவிட்டது என்பதும், தொகுதி மேம்பாட்டு நிதி என்ற ஏற்பாடே அதற்கு முதன்மையான காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தைப் பிரதமர் நரசிம்ம ராவ் 1993 டிசம்பர் 23 அன்று அறிவித்தார். முதலாண்டில் உறுப்பினருக்கு 5 லட்சம் ரூபாய்; அடுத்த ஆண்டே 1 கோடி; 1998-99இல் 2 கோடி; 2011-12 முதல் 5 கோடி. உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பார். மாவட்ட நிர்வாகம் ஆய்ந்து ஒப்புதல் தரும். பணத்தை அவர் தொடுவதில்லை. முடிந்த பணியில் அவர் பெயர் தாங்கிய கல்வெட்டு வைக்க வேண்டும் என்று நெறிமுறைகளே கூறுகின்றன.

இந்தத் தொகையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர்; மக்களவைத் தொகுதிகள் 39. ஒரு தொகுதிக்குச் சராசரியாகப் பதினெட்டரை லட்சம் பேர். 5 கோடியை வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 27 ரூபாய். ஒரு மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தலா 3 கோடி வீதம் 18 கோடி இருக்கிறது. அதனோடு ஒப்பிட்டாலும் இது சிறிது. 2011-12க்குப் பின் தொகை உயரவில்லை. விலைவாசி அதைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டது. இதைக் கொண்டு வகுப்பறை கட்டலாம், ஆசிரியர் பணியிடம் உருவாக்க முடியாது. கட்டடம் எழும் நாள்களில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சில வாரக் கூலி கிடைக்கும். வேலைவாய்ப்பு என்ற வகையில் இந்த நிதியால் ஆகக்கூடியது அவ்வளவே.

தொகையின் சிறுமையைக் காட்டிலும் எனக்குக் கவலையளிப்பது, இது பிறந்த காலம். ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி அளித்த 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24 அன்று. குடிநீர், சாலை, ஊரக மின்வசதி, தொடக்கக் கல்வி உள்ளிட்ட 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவையாகச் சுட்டியது. எட்டே மாதங்களில், அதே பொருள்களில் செலவிட நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தனிவழி திறக்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்த அதிகாரத்தின் ஓரத்தை மறு கை கிள்ளி எடுத்தது என்றே இதை நான் வாசிக்கிறேன். உயர்கோபுர விளக்கை நினைத்துப் பாருங்கள். கல்வெட்டில் இருப்பது உறுப்பினர் பெயர். மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்துவது உள்ளாட்சி. விளக்கு எந்தத் தெருமுனைக்குத் தேவை என்பதை முடிவு செய்திருக்க வேண்டிய கிராமசபைக்கு, அதைப் பராமரிக்கும் சுமை மட்டுமே மிஞ்சுகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை எளிதில் தள்ள முடியாது. ஊராட்சி என்பது எல்லா ஊர்களிலும் எல்லோருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. ஆதிக்கச் சாதியினர் கையில் ஊராட்சி இருக்கும் இடங்களில், சேரித் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு எழுதியவர்களுக்கு உறுப்பினரின் பரிந்துரைதான் வழி திறந்திருக்கிறது. நிதியில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் செல்ல வேண்டும் என்ற விதி உண்மையான பயன் தந்த விதி. ஆனால் 5 கோடியில் 15 விழுக்காடு 75 லட்சம்தான். அதே விழுக்காட்டை உள்ளாட்சி மானியங்களின் மீது கட்டாய விதியாக வைத்தால் கிடைக்கும் தொகை பன்மடங்கு. அது பரிந்துரையாக வராது, உரிமையாக வரும். நீதி செய்ய வேண்டிய பொறுப்பிலிருந்து ஊராட்சியை விடுவிப்பதற்கு இந்தத் திட்டம் ஒரு காரணமாகிவிடக் கூடாது.

திட்டத்தைக் கைவிட வேண்டும் என்று அரசமைப்புச் செயல்பாட்டை ஆய்ந்த தேசிய ஆணையம் 2002இலும், வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இலும் கூறின. உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2010இல் பீம் சிங் வழக்கில் திட்டம் செல்லும் என்றது: உறுப்பினர் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார், எனவே அதிகாரப் பிரிவினை மீறப்படவில்லை. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. வரவுசெலவுத் திட்டம் நிறைவேறிய பின் அதைச் செயல்படுத்துவதில் சட்டமியற்றுவோர் தலையிடுவதே தவறு என்று சொல்லி, அந்நாட்டின் இதே வகை நிதியை ரத்துசெய்தது. என் பார்வையில் பிலிப்பைன்ஸ் தீர்ப்பே நோயின் வேரைத் தொட்டது. யார் பணத்தைத் தொடுகிறார் என்பதைவிட, செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவுக்குப் பெயர் கொடுப்பவராகலாமா என்பதே அடிப்படைக் கேள்வி.

அந்தப் பெயரும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் உழைப்பதில்லை. இந்தியத் திட்டத்தை ஆராய்ந்து பிலிப் கீஃபர், ஸ்துதி கேமானி இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கட்சியின் அசைக்க முடியாத கோட்டையாக உள்ள தொகுதிகளில் உறுப்பினர்கள் இந்த நிதியைக் குறைவாகவே செலவிட்டதைக் காட்டியது. கட்சிச் சின்னமே வெற்றி தேடித் தரும் இடத்தில் நிழற்குடைக்கு அவசரமில்லை. அப்படியானால் நிதியின் பயன்பாட்டைத் தீர்மானிப்பதில் தேவையோடு தேர்தல் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

இனி அவைக்குள் வருவோம். 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்கக்கூடும். வாக்கு கட்டுண்டதால் உறுப்பினரிடம் மிஞ்சியவை கேள்வியும் விவாதமும் குழுப்பணியும். அவற்றுக்கான நேரமும் தேய்ந்துவிட்டது. முதல் மக்களவை 677 நாள்கள் கூடியது. பதினேழாவது மக்களவை 274 நாள்கள். 2023 மார்ச் 23 அன்று, 45 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான வரவுசெலவுத் திட்டத்தின் மானியக் கோரிக்கைகள் அமளிக்கு இடையே விவாதமின்றி மக்களவையில் நிறைவேறின. ரயில்வே, சாலை, சிறுதொழில், ஊரக வேலை, உயர்கல்வி என்று ஒரு தொகுதியின் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கும் ஒவ்வொரு துறையும் அந்தக் கோரிக்கைகளுக்குள் இருந்தது. 5 கோடியில் எந்தத் தெருவுக்கு விளக்கு என்று மாதக்கணக்கில் யோசிக்கும் உறுப்பினருக்கு, 45 லட்சம் கோடியைப் பற்றி ஒரு சொல் சொல்ல வாய்ப்பில்லாமல் போனது. இதை ஒரு பெரும் இழப்பாக நாம் உணரவில்லை என்பதுதான் எனக்கு வேதனை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும் மரபு இன்னும் இருக்கிறது. தம் தொகுதிக்கு ஒரு பாலம், ஓர் அரசுக் கலைக் கல்லூரி, ஒரு தொழிற்பேட்டை கேட்டு உறுப்பினர் எழுகிறார், ‘அரசு முன்வருமா?’ என்று துணைக் கேள்வி எழுப்புகிறார். அமைச்சர் அவைக் குறிப்பில் பதியும்படி பதில் சொல்லியாக வேண்டும். வாக்குறுதி தவறினால் உறுதிமொழிக் குழு இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் குறைகள் பல. ஆனாலும் ஊருக்கும் அவைக்கும் இடையே இது வைத்திருக்கும் தொடர்பு, பரிந்துரைக் கடிதத்தில் இல்லை.

அவைக் குரலின் மதிப்பை ரூபாயிலேயே சொல்லலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒன்றிய அரசு தர வேண்டிய 4,034 கோடி ரூபாய் நிலுவையில் இருப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 மார்ச்சில் கூறியது. தமிழக உறுப்பினர்கள் மக்களவையில் அதை எழுப்பினர். 39 தொகுதிகளுக்கும் வகுத்தால் தலா 100 கோடிக்கு மேல், அதாவது தொகுதி நிதியைப் போல் இருபது மடங்கு. சென்னை மாவட்டத்தில் இத்திட்டமே இல்லாததால் ஊரகத் தொகுதிகளின் பங்கு இன்னும் கூடுதல். வேலை, நிதி, பொதுவாழ்வு மூன்றும் இந்த ஒரே தொகையில் இணைந்திருந்தன: ஏரிக்கரையில் வேலை செய்த பெண்ணின் கூலி, அவர் மளிகைக் கடையில் தீர்க்க வேண்டிய கணக்கு, பள்ளி திறக்கும் முன் பிள்ளைக்கு வாங்க வேண்டிய பை. எந்தக் கல்வெட்டிலும் ஏறாத இந்தப் பணியைத்தான் தொகுதிப் பணியின் உச்சமாக நாம் எண்ண வேண்டும்.

2020 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒரே முடிவில் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த நிதியை நிறுத்திவைத்து, 7,900 கோடியைத் தொகுப்பு நிதிக்கு எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரில், அந்த ஆண்டின் எஞ்சிய காலத்துக்கு 2 கோடி வீதம் திரும்பித் தந்தது. தொற்றின் கடுமையான மாதங்களில், அரசு மருத்துவமனைக்குக் கருவி வாங்கித் தரலாம் என்றிருந்த உறுப்பினர்கள் கையறு நிலையில் நின்றார்கள். அமைச்சரவையால் எடுத்துவிடக்கூடிய ஒன்றை உறுப்பினரின் அதிகாரமாகக் கொள்ள முடியாது.

எனவே, நிதியை அப்படியே ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மாற்றுவதே சரி. 15 விழுக்காட்டு, 7.5 விழுக்காட்டு விதிகளும் சேர்ந்தே போக வேண்டும். அது உடனே நடக்காது. அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2016 முதல் மாவட்டம்தோறும் ‘திஷா’ எனப்படும் வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் தலைவர், மாவட்ட ஆட்சியர் உறுப்பினர்-செயலர். ஒன்றிய அரசின் முதன்மைத் திட்டங்களின் செலவு முழுவதும் அதன் மேசைக்கு வர வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை கூட வேண்டும். அக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு தமிழில் அச்சாகி, அடுத்த கிராமசபையில் ஒவ்வோர் ஊராட்சியிலும் வாசிக்கப்பட வேண்டும் என்று மாநில அரசே ஓர் அரசாணை வெளியிடலாம். எந்தத் திட்டத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்றது, அதைப் பற்றி உறுப்பினர் அவையில் எந்த நாளில் கேட்டார், என்ன பதில் வந்தது என்ற நான்கு பத்திகள் அந்தக் குறிப்பில் இருந்தால் போதும்.