பணி அழுத்தமும் புத்தாக்கமும்

பணி அழுத்தம் ஊழியரின் புத்தாக்கத்தைத் தூண்டுமா, முடக்குமா என்பது உளவியலின் நெடுநாள் கேள்வியாகும். 1908 இல் அமெரிக்க உளவியலாளர்கள் இராபர்ட் யெர்க்சு, ஜான் டாட்சன் இருவரும் எலிகளுக்கு மின்னதிர்ச்சி தந்து பயிற்றினர். கடினமானதைக் கற்க மிதமான தூண்டலே ஏற்றது எனக் கண்டனர். பின்னர் இக்கருத்து மனிதரின் பணி அழுத்தத்துக்கும் விரிக்கப்பட்டது.

அழுத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பது போதாது என 1979 இல் இராபர்ட் கராசெக் வாதிட்டார். அமெரிக்கா, சுவீடன் தொழிலாளர் தரவுகளை ஆராய்ந்த அவர், வேலைப்பளு மிகுந்து முடிவெடுக்கும் உரிமை குறைந்தால் மனவுளைச்சல் கூடும் என்றார். பளுவும் உரிமையும் சேர்ந்திருந்தால், ஊழியர் புதிய திறன்களைக் கற்று வளர்வர் என்பது அவரது கோட்பாடு. வேலையைக் குறைக்காமலே, உரிமையைக் கூட்டி உளைச்சலைத் தணிக்கலாம் என்றும் அவர் கூறினார். இதனால் கவனம் ஊழியரின் மனவலிமையிலிருந்து வேலை அமைக்கப்படும் முறைக்குத் திரும்பியது.