படச்சுருள் கேமராக்களுக்கான எண்ணிமப் பின்மூடி

எண்ணிமப் பின்மூடி என்பது, படச்சுருளில் படம் பிடிக்கும் பழைய கேமராவின் பின்கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தப்படும் மின்னணுப் படப்பதிவுக் கருவி ஆகும். கேமராவின் லென்ஸ், ஷட்டர், காட்சிகாண் துளை ஆகியவை மாறுவதில்லை. படச்சுருள் இருந்த இடத்தில் உணரி வந்து அமர்கிறது. 1990களில் விலையுயர்ந்த தொழில்முறைக் கருவியாகத் தொடங்கிய இது, சிறிய கணினிப் பலகைகளும் கேமரா உணரிகளும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் பொருளாகவும் ஆனது.

தமிழ்நாட்டுப் பின்னணி

இந்தியாவில் படச்சுருள் உற்பத்தியின் வரலாறு பெரும்பாலும் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மத்திய அரசு 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை உருவாக்கியது. பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தி தொடங்கியது. ஒளியுணர் பூச்சுக்குத் தூசியில்லாத காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் தேவை என்பதால் நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலவைக் குறிக்கும் 'இந்து' என்னும் வணிகப் பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருள், எக்ஸ்ரே படலம், அச்சிடும் தாள் ஆகியவை விற்பனைக்கு வந்தன. சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரிலும் இந்நிறுவனத்தின் ஒரு பிரிவு இயங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது.

அக்காலத்தில் நடுத்தரக் குடும்பங்களிடம் இருந்த கேமராக்களில் வதோதராவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 குறிப்பிடத்தக்கது. 120 வகைச் சுருள் ஒன்றில் 12 சதுரப் படங்கள் எடுக்கலாம். ஒவ்வொரு படமும் எண்ணி எடுக்கப்பட்டது. பிறகு சந்தை வண்ணப் படத்துக்கு மாறியது. இறக்குமதிப் போட்டியும் கடன் சுமையும் கூடின. 1990களின் நடுவில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நலிவுற்ற நிறுவனமானது. 2014இல் ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. படச்சுருள் அரிதாகி விலையும் ஏறியபின், பழுதில்லாத பல கேமராக்கள் அலமாரியில் முடங்கின. எண்ணிமப் பின்மூடியின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

தொடக்க முயற்சிகள்

ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேமிக்கும் சிசிடி உணரியின் கருத்தை 1969இல் பெல் ஆய்வகத்தின் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினர். இதற்காக 2009இல் அவர்கள் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்ணிமக் கேமராவைச் செய்தார். சூப்பர் 8 திரைப்படக் கேமராவின் லென்ஸ், 100க்கு 100 பிக்சல் கொண்ட உணரி, ஒலிநாடா ஆகியவற்றைச் சேர்த்து அமைத்த அந்தக் கருவி ஏறத்தாழ 3.6 கிலோ எடை இருந்தது. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 நொடி ஆனது. கையில் கிடைத்த பழைய பாகங்களோடு புதிய உணரியை இணைக்கும் வீட்டுமுறைப் பின்மூடிகளுக்கு இதை முன்னோடி எனலாம்.

1991இல் கோடாக் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ் கருவி, நிக்கான் எஃப்3 என்னும் படச்சுருள் கேமராவின் உடலையே பயன்படுத்தியது. அதன் உணரியில் 13 லட்சம் பிக்சல்கள் இருந்தன. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே சுமக்க வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் லீஃப் நிறுவனம் நடுத்தர வடிவக் கேமராக்களுக்கு 40 லட்சம் பிக்சல் பின்மூடியை வெளியிட்டது. ஹாசல்பிளாட் போன்ற கேமராக்களில் 1948 முதலே படச்சுருள் பெட்டி தனியாகக் கழன்று வரும். அதனால் அவற்றில் பின்மூடியை மாற்றுவது எளிதாயிற்று.

35 மி.மீ. கேமராக்களில் அந்த வசதி இல்லை. 1998இல் அறிவிக்கப்பட்ட சிலிக்கான் ஃபிலிம் திட்டம், படச்சுருள் டப்பாவின் வடிவிலேயே உணரியைச் செய்ய முயன்றது. குறிப்பிட்ட சில நிக்கான், கேனன் மாதிரிகளுக்கு மட்டும் பொருந்துவதாகத் திட்டமிடப்பட்ட அது, கடைகளுக்கு வராமலே 2001இல் நின்றது. லைக்கா நிறுவனம் தன் ஆர்8, ஆர்9 கேமராக்களுக்காக 1 கோடி பிக்சல் பின்மூடியை 2005இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வீட்டில் செய்யும் முறைகள்

வீட்டுமுறைப் பின்மூடிகளில் மூன்று வழிகள் பரவலாக உள்ளன.

முதலாவது, உணரியை நேரடியாகப் படத்தளத்தில் வைப்பது. ராஸ்பெரி பை பலகையும் 2020இல் வெளியான அதன் 1.23 கோடி பிக்சல் கேமராவும் இதற்கு உதவுகின்றன. படச்சுருள் எந்தத் தளத்தில் நின்றதோ, அதே தளத்தில் உணரி நிற்க வேண்டும். மில்லிமீட்டரின் சிறு பங்கு விலகினாலும் படம் மங்கும். படத்தளத்துக்குச் சற்று முன்னால் ஷட்டர் திரை ஓடுவதால், உணரியின் கண்ணாடி அதில் உரசாமலும் பார்க்க வேண்டும். ஷட்டரை 'பி' நிலையில் திறந்து வைத்து, ஒளியளவை உணரியே தீர்மானிக்க விடுவது எளிய வழி. மற்றொரு வழி, ஃபிளாஷ் இணைப்பிலிருந்து வரும் குறிப்பைக் கொண்டு உணரியை ஷட்டருடன் ஒத்தியங்கச் செய்வது.

இம்முறையின் பெருங்குறை பரப்பளவு. 35 மி.மீ. படச்சட்டம் 36க்கு 24 மி.மீ.; மேற்சொன்ன உணரியோ சுமார் 6.3க்கு 4.7 மி.மீ. மட்டுமே. எனவே 50 மி.மீ. லென்ஸ் சுமார் 275 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ் போல நடந்துகொள்ளும். கிளிக் 3 போன்ற சதுரப்படக் கேமராவில், உணரி முழுப் படப்பரப்பில் நூறில் ஒரு பங்கைத்தான் காணும். குடும்பம் முழுவதையும் பிடித்த கேமரா ஒரு முகத்தின் பகுதியை மட்டும் பிடிக்கும்.

இரண்டாவது வழி இக்குறையைத் தவிர்க்கிறது. படத்தளத்தில் தேய்த்த கண்ணாடித் திரை ஒன்றை வைத்து, அதில் விழும் பிம்பத்தைப் பின்னாலிருந்து சிறிய கேமராவால் படம் பிடிப்பது இதன் முறை. லென்ஸின் முழுப் பார்வையும் கிடைக்கும். ஆனால் கண்ணாடியின் மணிகள் தெரியும், ஓரங்கள் இருளும், கூர்மை குறையும்.

மூன்றாவது, பெரிய வடிவக் கேமராக்களில் மேசை ஸ்கேனரின் உணரிப் பட்டையைப் பொருத்துவது. அது வரிவரியாக நகர்ந்து பதிவதால், அசையாத பொருள்களுக்கே பொருந்தும்.

இவற்றுக்கான மின்னணு உதிரிகளுக்குச் சென்னையில் ரிச்சி தெரு பெயர்பெற்றது. பின்கதவுக்கு மாற்றான சட்டத்தை முப்பரிமாண அச்சிலோ லேத்துப் பட்டறையிலோ செய்யலாம்.

முக்கியத்துவம்

படச்சுருளில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய ஒளியுணர் பரப்பு கிடைத்தது. 36 படச் சுருள் என்பது ஒருமுறை மட்டும் பயன்படும் 36 உணரிகளுக்குச் சமம். அந்தப் பரப்பைச் செய்ய ஒரு தொழிற்சாலையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் தேவைப்பட்டனர். பின்மூடி அந்தத் தொழிலை மீட்டுத் தருவதில்லை. வெள்ளி உப்புப் படத்தின் தன்மையையும் தருவதில்லை. கேமராவின் லென்ஸையும் இயந்திரத்தையும் மட்டுமே பயன்பாட்டில் வைத்திருக்கிறது. எனவே உடலில் துளையிடாமல், பழைய கதவை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டக்கூடியதாகப் பின்மூடியை அமைப்பதே நல்ல முறை. படச்சுருள் கிடைக்கும் நாளில் அதே கேமராவில் மீண்டும் சுருளைப் பொருத்திப் படம் எடுக்க முடியும்.