ரேடியோ அலை நரம்புச் சூட்டு சிகிச்சையின் வரலாறு

ரேடியோஃபிரீக்வன்சி அப்லேஷன் என்பது, வலியைக் கடத்தும் நரம்பின் ஒரு சிறு பகுதியை ஊசிமுனையில் உண்டாகும் வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் மருத்துவ முறை. நீண்டகாலக் கழுத்து, முதுகு, முழங்கால் மூட்டு வலிகளுக்கும் முகநரம்பு வலிக்கும் இது பயன்படுகிறது. எந்த நரம்பைச் சுடலாம், எதைக் காக்க வேண்டும் என்ற கேள்வி இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது. வலியே இல்லாமல் போனால் உடலுக்கு என்ன நேரும் என்பதை வேலூரில் நடந்த தொழுநோய் ஆய்வுகள் காட்டின.

செயல்படும் முறை

முனையைத் தவிர மற்ற பகுதி மின்காப்பு செய்யப்பட்ட ஊசி, எக்ஸ்-ரே உதவியுடன் நரம்பருகே செலுத்தப்படுகிறது. அதன் வழியே நொடிக்குச் சுமார் 5 லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாயும்போது சுற்றியுள்ள திசு சூடாகிறது. பொதுவாக 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் 60 முதல் 90 நொடிகள் வரை தரப்படுகிறது. சுடுவதற்கு முன் சிறிய மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பார்கள். கை அல்லது கால் தசை துடித்தால் இயக்க நரம்பு அருகில் உள்ளது என்று பொருள். ஊசியின் இடம் மாற்றப்படும்.

தொடக்கம்

மிக வேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் தசையைத் துடிக்கச் செய்வதில்லை என்பதைப் பிரான்சின் தார்சன்வால் 1891இல் காட்டினார். 1926இல் ஹார்வி குஷிங், போவி உருவாக்கிய மின்கருவியை மூளை அறுவையில் பயன்படுத்தினார். ஜெர்மனியின் கிர்ஷ்னர் 1931இல் கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி, முகநரம்பு முடிச்சைச் சுடும் முறையை வெளியிட்டார்.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. கருவிழியின் உணர்வும் போய்விட்டால், கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. புண்ணாகிப் பார்வையே கெடலாம். பின்னர், வெப்பத்தை ஊசிமுனையிலேயே அளக்கும் ரேடியோ அலைக் கருவிகள் வந்தன. 1974இல் ஸ்வீட், வெப்சிக் இருவரும், நோயாளியை இடையிடையே விழிக்கச் செய்து உணர்வைச் சோதித்தபடி, அளவாகச் சுடும் முறையை வெளியிட்டனர்.

முதுகு வலிக்கு

1975இல் அமெரிக்காவின் ஷீலி, முதுகெலும்பு மூட்டுகளின் வலிக்கு இம்முறையைக் கையாண்டதை விவரித்தார். ஆனால் சுடப்பட்ட இடத்தில் உரிய நரம்பு இல்லை என்பதை 1979இல் போக்டக், லாங் ஆகியோரின் உடற்கூறு ஆய்வு எடுத்துக்காட்டியது. இலக்கு திருத்தப்பட்டது. 1996இல் கழுத்து வலியுள்ள 24 பேரிடம் நடந்த சோதனையில், வலி பாதியளவுக்குத் திரும்ப, உண்மையான சிகிச்சை பெற்றோருக்கு இடைநிலையாக 263 நாட்களும் போலிச் சிகிச்சை பெற்றோருக்கு 8 நாட்களும் ஆயின.

வேலூரின் பாடம்

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அதே கல்லூரியில் 1946இல் சேர்ந்தவர் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால் காயமும் சூடும் சேர்ந்தே அவற்றை அழிக்கின்றன என்று அவர் கண்டார். ஒடுகத்தூர் போன்ற மலையடிவார ஊர்களில் வெறுங்காலுடன் நடப்பவர், முள் தைத்ததும் காலைத் தூக்குவார். உணர்விழந்தவரோ முள்ளோடு நடந்துகொண்டே இருப்பார். எனவே அத்தகையோருக்கு மென்மையான அடிப்பகுதி கொண்ட ரப்பர் காலணிகள் உருவாக்கப்பட்டன. 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் இப்பணி தொடர்ந்தது.

வரம்புகள்

முதுகெலும்பு மூட்டு நரம்பைச் சுடுவதால் கை, கால்களின் உணர்வு போவதில்லை. இதனாலேயே இது ஏற்ற இலக்காகிறது. எனினும் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசை ஓரளவு மெலியலாம். முதலில் மரத்துப்போகும் மருந்தை ஊசியாகச் செலுத்தி, வலி குறைந்தால் மட்டுமே சுடுவது வழக்கம். நரம்பு மீண்டும் வளர்வதால், பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் வலி திரும்பும். அப்போது சிகிச்சையை மறுபடி செய்யலாம். மூட்டுத் தேய்மானத்தை இது சரிசெய்வதில்லை. வலி தணிந்திருக்கும் காலத்தில் உடற்பயிற்சியால் தசைகளை வலுப்படுத்துவது அவசியம்.