கோட்டுப் பையில் ஒரு கண்ணாடிக் குழாய்

1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை இன்று கோரிமேட்டில் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருகிறது. அந்தச் சிகிச்சையில் ரேடியத்தின் கதை ஒரு புண்ணில் தொடங்குகிறது.

1901, பாரிஸ். யுரேனியத்தின் கதிர்வீச்சை 1896-இல் கண்டறிந்த ஆன்ரி பெக்கரல், ரேடியம் அடைத்த சிறு கண்ணாடிக் குழாயைக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். சில நாள் கழித்துப் பைக்கு நேரே தோல் சிவந்து புண்ணாயிற்று. இயற்பியலாளர் பியேர் கியூரி தம் கையிலேயே ரேடியத்தை வைத்துச் சோதித்தார். இருவரும் சேர்ந்து அதை எழுதி வெளியிட்டார்கள். தோலைச் சுடுவது கட்டியையும் சுடும் என்று மருத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கதிர் ஆய்வாளர்களையும் விடவில்லை: பியேரின் மனைவியும் ரேடிய ஆய்வாளருமான மேரி கியூரி 1934-இல் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தார்.

இவர்களுக்கு முன்னால் எச்சரித்துச் சொல்லித்தர யாருமில்லை. 2010-இல் அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது. ஆனாலும் அதே புண் திரும்ப வந்தது, டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் போனது. காயலாங்கடையில் ஈய உறையைப் பிரித்து வெட்டினார்கள். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். ஒரு கடைக்காரர் அதன் துண்டைப் பணப்பையில் போட்டுக்கொண்டார். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள், ஒருவர் இறந்தார்.

கோபால்ட்-60 சுமார் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சும்மா கிடந்த 25 ஆண்டில் அது ஏறத்தாழ 27-இல் ஒரு பங்காகியிருக்கும். அந்த மிச்சம்தான் ஓர் உயிரைக் குடித்தது.

சட்டம் இல்லாமலா?  1962 செப்டம்பரிலேயே அணுசக்திச் சட்டம் வந்தது. 1983-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் அமைந்தது. இது கதிரியக்கப் பொருள், கைமாற்றக் கூடாது என்று ஏலத்துக்கு முன் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். வெட்டியவர்மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

2008-இல் பிரான்சிலேயே இன்னொன்று நடந்தது. இந்தியாவிலிருந்து போன உதிரிப்பாகங்களைக் கொண்டு செய்த லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருந்தது. பழைய இரும்போடு உருகிக் கலந்திருந்தது. பொத்தான்களைக் கையாண்ட தொழிலாளர்கள்மேல் கதிர் பட்டது.

கதிரியக்கப் பொருளோடு வேலை செய்பவர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள்: அருகில் நிற்கும் நேரம், தூரம், நடுவில் உள்ள தடுப்பு. தூரம் இரு மடங்கானால் கதிர் கால் பங்காகும். உடலில் ஏறிய அளவைக் காட்டும் பட்டை சட்டையில் இருக்கும். உடலில் ஏறும் கதிருக்கு வைத்த உச்ச வரம்பு பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20.

காயலாங்கடைக்காரரிடம் இந்தப் பட்டை இல்லை. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் பழைய இரும்பு வாங்குபவர்கள் இதைப் படித்தால்: அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளையோ, கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ்க் குறியோ கண்ணில் பட்டால் வெட்டாதீர்கள், உருக்காதீர்கள், துண்டு எதையும் கையில் எடுக்காதீர்கள். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.