கடைசித் தேனீயைக் கண்டவர்

ஓர் உயிரினம் மறையும்போது அதற்குச் சாட்சியாய் நிற்பவர் அரிது. பிராங்ளின் பம்பிள் தேனீக்கு அத்தகைய ஒருவர் வாய்த்தார்.

அமெரிக்காவில், தெற்கு ஒரிகனிலும் வடக்குக் கலிபோர்னியாவிலும் மட்டுமே வாழ்ந்த இனம் அது. கலிபோர்னியாவின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ரொபின் தோர்ப், 1998 இல் அதனைக் கணக்கெடுக்கத் தொடங்கி 94 தேனீக்களைக் கண்டார். மலைப்புல்வெளிகள் பூக்கும் கோடைதோறும் கைவலையுடன் மீண்டும் சென்றார். 2003 இல் எஞ்சியவை மூன்று. 2006 ஆகஸ்டில், அஷ்லண்ட் மலையில் ஒன்றே ஒன்று. வணிக நோக்கில் வளர்க்கப்பட்ட பம்பிள் தேனீக்களிடமிருந்து பரவிய நோயே காரணமென அவர் ஐயுற்றார்.

அதன்பின்னும் தேடினார், காணவில்லை. 2019 இல் காலமானார். 2021 இல் அமெரிக்க அரசு அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. அவர் வெறுங்கையுடன் திரும்பிய கோடைகளும் அந்த அறிவிப்புக்குச் சான்றாயின.