மூன்று கருவிகள்

“டேப்லெட் வாங்கலாமா?” என்று வால்பாறை நண்பர் கேட்டார். நான் சரித்திரத்தைப் புரட்டினேன்.

2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக ‘ஆகாஷ்’ டேப்லெட்டை வெளியிட்டது. அரசுக்கு விலை 2,276 ரூபாய். அழுத்தித் தொட்டால்தான் அசையும் திரை, அது நிலைக்கவில்லை. அதற்கு முந்திய மாதம் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியிலோ விசைப்பலகை இருந்தது; எழுதிப் பழகலாம்.

அதே ஆண்டில்தான் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு, யானை எங்கே நிற்கிறது என்ற செய்தி கைப்பேசியில் வரத் தொடங்கியது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் செய்த ஏற்பாடு அது. அதற்கு மிகச் சாதாரணமான கைப்பேசியே போதும்.

“படிக்கவும் படம் பார்க்கவும் டேப்லெட் வாங்குங்கள், எழுத வேண்டுமானால் மடிக்கணினி. ஆனால் இருட்டில் வீடு திரும்பும்போது, அந்தப் பழைய கைப்பேசி மாத்திரம் சட்டைப் பையில் இருக்கட்டும்” என்றேன்.